முகவரிக் கட்டத்தில் எழுதாத பெயர்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் சந்துக்குப் பெயர் வைக்கப் போகிறார்களாம். மாநகராட்சியில் முப்பது வருடமாகத் தெருப் பலகை எழுதுகிறவன் நான். எனக்கே நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்தது. சந்து முனை மில்காரர் தன் அப்பா பெயரை வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பெயர் இல்லாத சந்தா இது? ஒன்பது வீடு, நாற்பது தப்படி. ஊரே நர்சம்மா சந்து என்கிறது. நர்சம்மா என் அம்மா. இங்கே பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள்.

மார்ச் 11, செவ்வாய்

ஆட்சேபணை கொடுத்தேன். பதிவுப் பிரிவு குமாஸ்தா நல்ல மாதிரிதான். "வாயால சொல்றது செல்லாதுண்ணே. அந்தப் பேரு எழுதின காகிதம் நம்ம ஆபீஸ்ல இருக்கணும். ஒண்ணு போதும்" என்றார்.

ஒன்றா? வீட்டுப் பிரசவங்களின் பிறப்புப் படிவமெல்லாம் அம்மாவே நிரப்பியது. கட்டுக் கட்டாகக் கிடக்கும்.

மார்ச் 19, புதன்

நானும் குமாஸ்தாவும் மூன்று நாள் தூசி தின்று நூற்றுப் பன்னிரண்டு படிவம் எடுத்தோம். அத்தனையும் அம்மாவின் சாய்ந்த எழுத்து. முகவரிக் கட்டத்தில் அத்தனையிலும் ஒரே வரி — 'மார்க்கெட் பின்புறம்'.

ஏம்மா? "நம்ம பேர நாமளே எழுதிக்கிறதாடா" என்பாள். அந்தக் கூச்சம்தான் இன்று என் தலையில் விடிந்திருக்கிறது.

கடைசியாக அவளுடைய இறப்புப் படிவம். போன வருடம் நான் நிரப்பியது. முத்து முத்தாக, 'மார்க்கெட் பின்புறம்'. ஊருக்கெல்லாம் பலகை எழுதுகிற கை. என்னை எதைக் கொண்டு அடிப்பது?

மார்ச் 20

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மற்ற எட்டு வீடும் மில்காரருக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. சிமெண்ட் தளம் போட்டுத் தருகிறாராம். எதிர்வீட்டுக்காரன் குறைமாதத்தில் பிறந்து ஒரு மாதம் என் அம்மா மடியிலேயே கிடந்தவன். என் முகத்தைப் பார்க்காமல், "மழையில வழுக்குதுல்ல மாமா" என்றான். ஏறின ஏணியை எட்டி உதைக்கும்போது மட்டும் வழுக்கவில்லை போலிருக்கிறது.

மே 20, செவ்வாய்

பலகை வேலை என்னிடமே வந்தது. வேறு ஆள் இல்லை. கோணலாக எழுதத்தான் நினைத்தேன். பாழாய்ப்போன கை நேராகவே எழுதியது. மில்காரர் "அருமைங்க" என்றார்.

ஜூன் 9, திங்கள்

மகளுக்குப் பெண் குழந்தை. படிவத்தை நான்தான் நிரப்பினேன். முகவரிக் கட்டத்தில் 'நர்சம்மா சந்து' என்று எழுதினேன்.

"இப்படி ஒரு தெரு இல்லியேண்ணே" என்றார் குமாஸ்தா.

"தெரியும். அடிச்சுடுங்க."

படிவத்தில் எதையும் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, மேலே திருத்தி, சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் விதி. குமாஸ்தா என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். சிவப்பு மையில் மெல்லிசாகக் கோடு இழுத்தார். மேலே மில்காரரின் அப்பாவை எழுதி, முத்திரை குத்தி, கட்டோடு சேர்த்துக் கட்டினார்.

ஆபீஸில் இப்போது அந்தப் பெயர் எழுதின காகிதம் ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் தாமதமாக.