கண்ணாடிப் பெட்டியில் உன் ஹெலிகாப்டர்

தம்பி,

நீ கொடுத்த உலோக ஹெலிகாப்டர் மாடலைத் திருவேட்டக்குடி பள்ளி நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தலைமையாசிரியை உமாமகேஸ்வரி இன்று காலை போனில் உறுதி செய்தார். பிறகு நானே போய்ப் பார்த்தேன்.

"2004 சுனாமியில் நான் மக்களை மீட்ட எம்ஐ-17 வி5" என்று அட்டையில் எழுதியிருக்கிறாய். அந்த ரகம் நம் விமானப்படையில் சேர்ந்ததே 2012-இல்தான். நாற்பது மாடல்களை அலமாரியில் அடுக்கித் தினமும் துடைக்கிறாய். பொய் சொல்லவாவது ஆண்டு தெரிய வேண்டாமா?

சுனாமி அன்று நீ தாம்பரம் விமானப்படைக் கிடங்கில் போர்வைகளை லாரியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தாய். அது கேவலமில்லை. இது கேவலம்.

படகில் பதினோரு பேரைக் கரைசேர்த்த முத்தையன் அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏங்க்கா, அன்னிக்கு மேல ஏதாச்சும் பறந்துச்சா? நான் தண்ணியையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

அப்பாவின் உடலைத் தோளில் தூக்கி வந்தவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நீ பிள்ளைகளிடம் பேசுகிறாய். முன்வரிசையில் முத்தையனுக்கும் எனக்கும் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியையிடம் வேறெதுவும் சொல்லவில்லை. அட்டையை எடுக்கச் சொல்லி நீயே அவருக்குப் போன் செய்வாயா என்பதுதான் பாக்கி. வியாழன் மாலைக்குள் அது தெரிந்துவிடும்.

அக்கா