உன் வரி

என் மறுபாதிக்கு,

நான் நலம். குண்டுச் சத்தமெல்லாம் தூரத்தில்தான் கேட்கிறது என்று பிள்ளைகளிடம் சொல். உடைந்த ஜன்னலை உன் புடவையால் மூடியிருக்கிறேன், திட்டாதே.

நேற்று சாயங்காலம் நம் சாமி பாட்டைத் தனியாகப் பாடினேன். முதல் வரி முடிந்ததும் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டேன். அடுத்தது உன் வரி அல்லவா? வீடு உம்மென்று கிடந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உன் வரி வந்தது. பக்கத்து வீட்டு டிரைவர்! நாம் பாடினாலே சுவரை இடிப்பாரே, அவரேதான். குரலா அது? பழைய லாரி கிளம்புகிற மாதிரி.

"நிறுத்தாதீங்க சார், உங்க வரிய எடுங்க," என்றார்.

கடைசிவரை பாடினோம். அவருக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை. சுருதிதான் சேரவில்லை, சண்டை நின்று பாதை திறந்ததும் நீ வந்துதான் சரிசெய்ய வேண்டும்.

இன்று வெயில் தாழுமுன்பே சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

தன் வரி மட்டும் பாடத் தெரிந்த,
உன் வீட்டுக்காரன்