மூன்றாவது ‘அடுத்த வாரம்’

மார்ச் 3
மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தட்டம்மை ஊசி போடவேண்டும். “அடுத்த வாரம் போகலாம்” என்றேன் மனைவியிடம். இது மூன்றாவது அடுத்த வாரம். போன ஊசிக்குத் தொடை வீங்கி, காய்ச்சல் வந்து, இரண்டு நாள் அழுதாள். நானும்தான். போதாததற்கு மச்சான் அனுப்பிய குரல் பதிவு: ஊசி போட்ட குழந்தைக்குக் கால் விளங்காமல் போய்விட்டதாம். பேசுகிறவன் யாரென்று தெரியாது. நாலு முறை கேட்டுவிட்டேன்.

மார்ச் 5
“ஊர் பேர் தெரியாதவன் சொன்னா நம்புவீங்க, கட்டினவ சொன்னா மட்டும் யோசிப்பீங்க.” என்றாள் மனைவி. தோசை இருந்தது, சாப்பிட்டேன்.

மார்ச் 9
தடுப்பூசி போடும் ஆஸ்பத்திரியில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்று, மெக்கானிக்கான எனக்கு அழைப்பு. நர்சம்மா மருந்தையெல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாற்றி, முட்டை மேல் கோழி மாதிரி பக்கத்திலேயே காவல். கதவு ரப்பர்தான் கிழிந்திருந்தது. மாற்றிவிட்டு, எல்லாக் கடையிலும் சொல்வதையே சொன்னேன்: “ரெண்டு டிகிரி முன்னபின்ன இருந்தா ஒண்ணும் ஆகாதும்மா.”

“உங்க குழந்தைக்குப் போடுற மருந்துன்னா இப்படிச் சொல்வீங்களா?”

ஃபிரிட்ஜ் நாலு டிகிரியில் நிற்கும்வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்.

“வீட்ல குழந்தை இருக்கா? தட்டம்மை ஊசி போட்டாச்சா?”

“அடுத்த வாரம்...”

சிரித்துவிட்டார். திட்டுவார் என்றல்லவா நினைத்தேன்? காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். கால் விஷயத்தையும் கேட்டுவிட்டேன்.

“இந்த ஊசியால கால் போகாது. காய்ச்சல் வரலாம், ஒரு வாரம் கழிச்சுகூட. ரெண்டு நாள்ல போயிடும். போகலைன்னா தூக்கிட்டு வாங்க. பயமா இருந்தா என்கிட்ட கேளுங்க, போன்கிட்ட கேட்காதீங்க.”

போன முறை இதை யாராவது சொல்லியிருந்தால்? சரி, நானாவது கேட்டிருக்கலாமே - வாயில் என்ன, ஸ்குரூவா?

மார்ச் 12
போட்டாயிற்று. அவள் அழுதாள். நான் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு டிகிரி. “சிஸ்டர், பெரிய குழந்தைக்கும் ஒண்ணு போட்டுவிடுங்க” என்கிறாள் மனைவி, என்னைக் காட்டி.

மார்ச் 20
நேற்று லேசாகக் காய்ச்சல். சொன்னபடியே வந்தது என்பதில் ஒரு நிம்மதி - இப்படியும் ஒரு அப்பன்.

மார்ச் 21
காய்ச்சல் இல்லை. இந்த நோட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

மச்சான் போன் செய்தான். அவன் பையனுக்கும் ஊசி பாக்கியாம். “போடலாமா மாமா? அந்தப் பதிவைக் கேட்டீங்கல்ல?”

“கேட்டேன்டா. அதுல பேசுறவனை உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“என்னைத் தெரியும்ல? மருந்து இருக்கிற ஃபிரிட்ஜுக்கு ரப்பர் மாட்டினதே நான்தான். பையனைத் தூக்கிட்டு வா, நானும் கூட வர்றேன்.”

வியாழக்கிழமை வருகிறான். அடுத்த வாரம்தான், ஆனால் கிழமையோடு.