தண்ணீர் போகும் பக்கம்

அண்ணே,

மழை விடாமல் பெய்கிறது. ஜெலுத்தோங் வீட்டுக்குள் நுழைந்ததுமே மாட்டு மூத்திர வாடை முகத்தில் அடித்தது. கடைசி மாட்டை நீங்கள் விற்று எத்தனையோ வருடமாகிறது, நீங்களும் போய்விட்டீர்கள். உங்கள் மகன் முரளி தொழுவத்துக்கு சிமெண்டு பூசி, ஓடு பதித்து, பெயிண்டும் அடித்துவிட்டான். இருந்தும் ஈரம் ஏறினால் சுவர் பழசையெல்லாம் கக்குகிறது. உப்புப் பூத்துக் கொப்பளித்த இடத்தைத் தொட்டேன். பெயிண்ட் விரலோடு வந்துவிட்டது.

நீங்கள் இந்த வீட்டைக் கட்டியபோது நான் பள்ளிக்கூடப் பெண். மாட்டுக்கும் மனுஷருக்கும் ஒரே நீளக் கூரை, நடுவில் குறுக்காக ஒரு நடை, எல்லாருக்கும் ஒரே வாசல். உள்ளே வந்ததும் மாடுகள் இடப்பக்கம் திரும்பும், நாம் வலப்பக்கம். அவை அசைபோடும் சத்தம் பலகை வழியாகச் சோற்றுத் தட்டு வரை கேட்கும். வெட்கத்தில் தோழிகள் யாரையும் நான் அழைத்து வந்ததில்லை.

நம் பக்கம் மேடு, மாட்டுப் பக்கம் பள்ளம். அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். கழுவிவிட்ட தண்ணீரும் பின்மேட்டு மழைத்தண்ணீரும் தொழுவத்துக் கோடியில் இருந்த ஓட்டை வழியாகச் சாக்கடைக்குப் போய்விடும். மாடுகள் போன பிறகும் அந்த இடத்தில் ஒரு சாமான் வைக்க நீங்கள் விடவில்லை. ஏன் என்று அண்ணி கேட்டதற்கு, "தண்ணிக்கு அது ரோடு. மறிச்சா நம்ம பக்கந்தான் திரும்பும்" என்றீர்கள். முரளி சிரித்தான்.

உங்கள் கருமக்கிரியை முடிந்த கையோடு லோரியில் மண் வந்து இறங்கியது. ஃபேக்டரி ஆட்களுக்கு வாடகை அறை கட்டப் போகிறானாம். பள்ளத்தைத் தூர்த்து, ஓட்டையை அடைத்து, நம் பக்கத்தைவிட ஒரு சாண் உயரமாகவே தரை போட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தொழுவத்தில் ஆள் குடிவைக்க நினைக்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள்.

வாடை தாங்காமல் வாடகைக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். இப்போது அண்ணி மட்டும்தான், நம் பக்கத்து அறையில், அதே கட்டிலில். இரண்டு பக்கக் கூரையையும் தாங்கும் நடு மரத்தூணின் அடியில் சாவியால் குத்திப் பார்த்தேன். ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. முரளிக்குப் போன் போட்டேன். அடுத்த வாரம் ஆள் கூட்டி வந்து காட்டுகிறேன், சும்மா பயப்படாதீங்க லா என்றான்.

அண்ணியின் துணிகளைப் பையில் திணித்து வாசலில் நிறுத்தியிருக்கும் என் காடியில் வைத்துவிட்டேன். அவர் வர மறுக்கிறார்.

"ஒங்க அண்ணே நட்ட தூணும்மா. என்னைய ஒண்ணும் செய்யாது."

அண்ணன் நட்டது மாடு இருந்த வீட்டுக்கு, இந்த வீட்டுக்கில்லை என்று கத்தினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் பாயான் பாரு பிளாட்டில்கூட, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று காலால் தடவிப் பார்க்காமல் நான் வாளியைச் சாய்ப்பதில்லை. உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. சற்றுமுன் கோபத்தில் எழுந்து நடந்தபோதும் கால் தானாகச் சரிவைத் தேடியது. சரிவு இப்போது தொழுவத்திலிருந்து அண்ணியின் கட்டிலை நோக்கி இறங்குகிறது, அண்ணே. கட்டில் கால்கள் நனைந்துவிட்டன. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவர் எழுந்து வராமல் நானும் போகப்போவதில்லை.