பஸ் வராத கடற்கரை

ஜூன் 8, ஞாயிறு

இன்று காலை இன்னொரு ரிசார்ட்டையும் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். கோவளத்தில் வாரக் கடைசியில் ஜேஜே என்று கூட்டமாம். முட்டுக்காட்டில் படகுக்கு வரிசை நிற்குமாம். மாமல்லபுரம் என்றதும் முகமே மாறிவிட்டது. "ஞாயித்துக்கிழமைன்னா நம்ம காலனியே அங்கதாம்மா இருக்கும்."

ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரை வேண்டும், நட்சத்திர ஓட்டல் வசதியும் வேண்டும். எழுபது பேருக்கு மேல் கூடாது. என் கல்யாணத்துக்கு நிகில் வீட்டார் விதித்திருக்கும் நிபந்தனை இது, அப்பா சொன்னபடி.

அப்பா, அதாவது காலனி நலச் சங்கச் செயலாளர் பட்டாபிராமன், சேலையூரில் ஒரு கல்யாணத்தையும் தவறவிட்டதில்லை. யார் வீட்டு முகூர்த்தமானாலும் பந்தியில் நின்று பரிமாறுகிறவர்களை விரட்டுவார். தன் பெண்ணுக்கு எழுபது பேர் என்றபோது மட்டும் ஏன் இவ்வளவு சாதுவாகத் தலையாட்டினார்?

நிகிலிடம் நேரே கேட்டிருக்கலாம். "அவங்க ஆசை. கேட்டுச் சங்கடப்படுத்தாதே" என்று அப்பா முன்பே வழியை அடைத்துவிட்டார். எங்கள் வீடுகளில் கல்யாண ஏற்பாடு அப்பாக்களுக்கு நடுவில்தான் நடக்கும். பெண்ணும் பிள்ளையும் சினிமாவைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

ஜூன் 10

கல்லூரியில் என்னோடு பாடம் நடத்தும் தீபலட்சுமியிடம் சொல்லியிருக்கக் கூடாது. டிபன் டப்பாவை மூடிவிட்டு வக்கீல் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கூட்டம் வேணாம்னா ஏதோ இருக்குடி. எங்க சித்தி பொண்ணுக்கும் இப்படித்தான், கோயில்ல சிம்பிளா வெச்சுக்கலாம்னாங்க. அப்புறம் பாத்தா அவனுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கா, மேடவாக்கத்துல."

சிரித்தேன். பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மேடவாக்கம் ஞாபகம் வந்தது. நிகில் குடும்பம் இரண்டு வருடத்துக்கு முன்புதான் நாக்பூரிலிருந்து பெரும்பாக்கத்துக்கு வந்தது. அங்கே அவர்களை யாருக்குத் தெரியும், யாரிடம் விசாரிக்க முடியும்? "ஊருக்குப் புதுசு, வம்பு தும்பு இல்லாத குடும்பம்" என்று அப்பா அதையே ஒரு தகுதியாகச் சொன்னார்.

ஜூன் 14

நிகில் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினேன். மாரத்தான் ஓடிய படம் ஒன்று கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண். யார்?

அதே படத்தில் இன்னும் நாற்பது பேராவது இருப்பார்கள். இருந்தாலும் அவள் ஒருத்தியைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்படி ஆகிவிட்டேனே.

ஜூன் 17

ரோஹிணியோடு போனில் பேசினேன், மொட்டை மாடியில் துணி எடுக்கிற சாக்கில்.

என் அக்கா முதாசிரைக் கட்டிக்கொண்டு கேளம்பாக்கம் போய் நான்கு வருடமாகிறது. அவர் அங்கே ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அன்றிலிருந்து அப்பா அவள் பெயரைச் சொல்வதில்லை. அம்மா சொல்வாள், சமையலறைக்குள் மட்டும்.

என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அப்பா என்னிடம், "பெரியவளைப் பத்தி அவங்ககிட்டப் பேசியாச்சு. நீ அந்தப் பேச்சை எடுக்க வேணாம்" என்றார். அப்பாடா என்றிருந்தது. நானும் எடுக்கவில்லை, நிகிலும் இதுவரை கேட்டதில்லை. அது அவனுடைய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோஹிணி சாதாரணமாகத்தான் கேட்டாள்: "நான் வரலாமாடி?"

"தாராளமா. அவங்களுக்குத்தான் தெரியுமே."

"வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்பினா வரமாட்டேன். நம்ம வூட்லேர்ந்து யாராவது வந்து, வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணும். மூணாம் மனுஷங்களுக்கே அதைச் செய்வாரு அப்பா. எனக்குச் செய்யட்டும்."

சரி என்றேன். யார் போவது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இடம் கிடைத்துவிட்டது. எல்லாம் தெரிந்தும்விட்டது.

கல்பாக்கம் தாண்டி வெகுதூரம் போய், சாலையிலிருந்து சவுக்குத் தோப்புக்குள் திரும்ப வேண்டும். வெளியே பெயர்ப்பலகைகூடக் கிடையாது. உள்ளே வில்லாக்கள், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு நீச்சல் குளம். கட்டிலில் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தார்கள். கடற்கரை மணலைத் தினமும் காலையில் வாருகோலால் சீவி வரிவரியாக விடுவார்களாம். நாங்கள் நடந்த தடம் அதில் அசிங்கமாகத் தெரிந்தது. மேலாளர் லினன் சட்டையில் வந்து, பெயர் கொடுக்காத ஒருவரும் உள்ளே வர முடியாது என்று பெருமையாகச் சொன்னார்.

"பஸ் வருமா?" என்று கேட்டார் அப்பா.

"பஸ் ரூட்டே இல்ல சார்."

அப்பாவின் முகத்தில் அப்படியொரு திருப்தியை என் பட்டமளிப்பு விழாவில்கூடப் பார்த்ததில்லை.

நிகில் வீட்டாரும் வந்திருந்தார்கள். ஆண்கள் மேடை எங்கே போடலாம் என்று பார்க்கப் போய்விட, நிகிலின் அம்மா சுந்தரவல்லி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு மணலில் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதேம்மா. உங்க வீட்ல ஏன் கூட்டமே வேணாங்கறீங்க?"

"நாங்களா?"

"எனக்கு மண்டபம்தான் ஆசை. நாதஸ்வரம் வெச்சு, நாலு பந்தி போட்டு… நாக்பூர்ல இருந்துகிட்டு இத்தனை வருஷமா அதுக்குத்தான் ஏங்கினேன். உங்க அப்பாதான் எங்க வீட்டுக்காரர்கிட்ட, ஒரே பொண்ணு, அமைதியா நடத்திடலாம்னார். என் தங்கச்சி கேக்கறா, பொண்ணு வீட்ல ஏதாவது மறைக்கறாங்களான்னு. நான்தான் அவளை அதட்டினேன்."

ஒரே பொண்ணு.

இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். "அப்பாவுக்குக் கொஞ்சம் பிரஷர்" என்று எதையோ சொல்லி வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாவம், உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு என்றார்.

இரண்டு வாரமாக நான் அவர்களைச் சந்தேகப்பட்டேன். அவர்கள் எங்களைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் பட்டதுதான் சரி.

ஜூன் 23

கேட்டேன். அப்பா செய்தித்தாளை மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்தார்.

"அவங்ககிட்ட பேசியாச்சுன்னு சொன்னீங்களே."

"பேசணும்னுதான் இருந்தேன். முதல் தடவை போன்ல, நிகிலோட அப்பா ஒரே பொண்ணான்னு கேட்டார். வாயில ஆமான்னு வந்துடுச்சு." செய்தித்தாளைக் கீழே வைத்தார். "அப்புறம் அந்த ஆமாவுக்கு ஏத்த மாதிரி இடம் தேட வேண்டியதாப் போச்சு."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன். இங்க மண்டபம்னா நான் வாசல்ல நிக்கணும். வர்றவன் ஒவ்வொருத்தனும் பெரியவ எங்கேன்னு கேப்பான். பக்கத்துல சம்பந்தி நிப்பார். நான் என்ன சொல்ல?"

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. இன்னாதான் நெனச்சுக்கினு இருக்கீங்க என்று தெருப்பேச்சில் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

பெண் பார்க்க வருவதற்கு முன் கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அப்போது கழற்றிய, ரோஹிணியும் இருக்கும் குடும்பப் படங்களை யாரும் திரும்ப மாட்டவில்லை. தினமும் அந்த வெறும் சுவருக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறேன். எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? அல்லது, தோன்றியதா?

ஜூன் 25

அப்பாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. நிகிலிடம் சொன்னால் கல்யாணம் நிற்கலாம். சொல்லாவிட்டால் நானும் ரோஹிணியைப் படத்தோடு சேர்த்துக் கழற்றியவளாவேன்.

ஜூன் 28, சனி

வண்டலூர் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் நிகிலைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ரோஹிணி, முதாசிர், அந்த ஆமா, பஸ் வராத கடற்கரை. நடுவில் குறுக்கிடாமல் கேட்டான்.

"அக்கா யாரைக் கட்டிக்கிட்டா எனக்கென்ன? உனக்கு எப்பத் தெரியும், எங்ககிட்ட மறைச்சது?"

"ஞாயித்துக்கிழமை."

"இன்னிக்கு சனி."

வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றான். ஸ்டேஷன் வரைக்கும் பைக்கில் கொண்டுவிட்டான்.

ஜூலை 2

நிகிலிடமிருந்து ஒன்றுமில்லை. யோசிக்கிறார்களா, அல்லது வேறு ஜாதகம் வாங்கிவிட்டார்களா? அந்த மாரத்தான் பெண் மறுபடி ஞாபகத்துக்கு வருகிறாள். வெட்கமாக இருக்கிறது, இருந்தும் வருகிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார்கள், நிகிலும் அவன் அப்பா அம்மாவும், மூன்று பேரும். கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டாள்.

சுந்தரவல்லி அந்தக் காபியை முழுக்கக் குடித்தார். பிறகு அப்பாவிடம், "கோபம் இருக்கு சம்பந்தி. இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றார். "ஆனா இந்தப் பொண்ணு தானே வந்து சொல்லியிருக்கா. அதனால வந்தோம். அந்த ரிசார்ட் வேணாம். இங்கேயே மண்டபம் பாருங்க. பெரிய பொண்ணு இல்லாத மேடையில என் பிள்ளை தாலி கட்டமாட்டான்."

சம்பந்தி என்ற சொல்லை அப்பா எதிர்பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

கிளம்பும்போது நிகில் என்னிடம், "ஒரு வாரமா எவ்ளோ கோவமா இருந்தேன் தெரியுமா?" என்றான். தெரியும் என்றேன். "தெரியாது" என்றான்.

ஜூலை 9

மண்டபம் கிடைத்தது, தாம்பரத்திலேயே. ஆகஸ்ட் 28, வார நாள் என்பதால் காலியாக இருந்தது. பத்திரிகையில் என்ன பெயர்கள் போடுவது என்று அப்பா அச்சகத்துக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஹாலில் வந்து நின்றாள். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, குங்குமம், பழம்.

"நான் கேளம்பாக்கம் போறேன். அழைக்க." அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். இப்படிச் செய்யட்டுமா என்று கேட்கவில்லை. என் நினைவில் முதல் தடவை.

அப்பா எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். நூல் சுற்றிய பூப்பந்து ஒன்றை ஃபிரிட்ஜிலிருந்து கொண்டுவந்து தட்டில் வைத்தார். "பூ இல்லாம எப்படி அழைப்பே?" என்றார். அவர் வரவில்லை.

நானும் அம்மாவும் ஆட்டோவில் போனோம். ரோஹிணி கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், எங்கள் இருவருக்கும் பின்னால் தெருவைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள்.

ஆகஸ்ட் 30, சனி

பெரும்பாக்கம். புது வீடு, புது மேசை, பழைய பேனா.

நேற்று முன்தினம் மண்டபம் நிரம்பி வழிந்தது. காலனி மொத்தமும் வந்தது. ரோஹிணியும் முதாசிரும் காலை டிபனுக்கே வந்துவிட்டார்கள். அப்பா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முதாசிர் வணக்கம் சொன்னபோது கை மட்டும் பாதி உயர்ந்து இறங்கியது. நான் மணையில் இருந்தபடி இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புரோகிதர் இரண்டு முறை என்னை முன்னால் பார்க்கச் சொன்னார்.

மாலையில் காரில் வரும்போது சுந்தரவல்லி சொன்னார். முகூர்த்தத்துக்கு முன் வாசலில் அவரும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்களாம். எதிர் வீட்டு லோகநாதன் மாமா வந்து, சந்தனத்தைத் தொட்டுக்கொண்டே, பெரியவ வரலையா என்று கேட்டிருக்கிறார். அப்பா பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தாராம், ஒருமுறை தொண்டையைச் செருமினாராம்.

"ரெண்டு பேரும் பந்தியில இருக்காங்க. போங்க, பக்கத்துல எடம் இருக்கும்."