கதவு திறந்தும் நிற்காத கத்தி

வியாழன் இரவு, தெப்ராவ்

எங்கள் கம்பெனி சீனியர் சார்ல்ஸ் அண்ணன் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. காஹாங் பாமாயில் ஆலைக்குப் போகிற செம்பனைக் குலை நறுக்கும் மெஷினில், கதவைத் திறந்ததும் கத்தி நிற்க வேண்டும். இன்று நான் திறந்தேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

காரணம் அதை இயக்க அவர் எழுதிய டிரைவர் புரோகிராம். கதவு திறந்ததைச் சொல்லும் இன்டரப்ட் சிக்னலுக்கு, பழைய கன்ட்ரோல் போர்டில் பூஜ்யம் சரியான எண். புது போர்டில் வேறு சிப். அங்கே பூஜ்யம் வந்தால் இன்டரப்டே கிடைக்கவில்லை என்று பொருள். அவருடைய டிரைவரோ அதையும் நல்ல எண்ணாக எடுத்துக்கொண்டு, வராத சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. பிழை என்று ஒரு வரிகூடக் காட்டவில்லை.

சொன்னேன். மனுஷன் திரையைக்கூடப் பார்க்கவில்லை.

"சிங்கப்பூர்ல வருஷக்கணக்கா ஓடுன கோடு லா இது. உன் போர்டுதான் ரோசாக், கெட்டுப்போச்சு. நாளைக்கு மெஷின் லாரி ஏறணும், சும்மா நோண்டாத."

"அப்ப கதவைத் திறந்து கைய உள்ள விடுங்கண்ணே. நான் ஆன் பண்றேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். மெஷினை அனுப்பலாம் என்று கையெழுத்துப் போடத்தான் ஒன்றை வெளியே எடுத்தார்.

காஹாங்கில் சிக்கிய குலையை எடுக்கக் கையை உள்ளே விடுவது ஒருவருக்குத் தினப்படி வேலை.

எல்லாரும் போன பிறகு போர்டைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். இதோ, தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. லாரி வரட்டும்.