மட்டை நின்ற நேரம்

சனி, கார்த்திகை

பூச்சி, காலையிலிருந்து சாரல். தோட்டத்தில் வேலை இல்லை. திராட்சைப் பந்தலுக்குள் ஒரே சேறு.

உன் நோட்டில்தான் எழுதுகிறேன். கொச்சியிலிருந்து உன் பையோடு வந்தது. காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள், மகனே. நோட்டில் வெற்றுத்தாள் கொஞ்சம்தான். நடுவில் ஒரு பக்கம், பேனாவில் வரிசையாக மணி, பக்கத்திலேயே பென்சிலில் வேறு மணி. பென்சிலை ரப்பர் போட்டு அழித்துவிட்டேன். எழுத இடம் வேண்டுமே. பென்சில் பழகுவதற்கு, பேனாதான் நிசம். ஐந்தாவது வரை பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்தது அதுதான்.

வாங்க: துவரம் பருப்பு. சோப்பு. உன் அப்பாவுக்கு இருமல் மருந்து.

ஞாயிறு

தீபம். தெரு முழுக்க விளக்கு. நமக்கு இந்த வருடம் கிடையாது. பௌர்ணமி வெளிச்சம், அதுபாட்டுக்கு வாசலில் கிடந்தது. அப்பா எட்டு மணிக்கே படுத்துவிட்டார்.

திங்கள்

ஜோஜி போன். உன்னோடு படகு கட்டியவன். வெள்ளிக்கிழமை விடியலில் அந்தப் படகில் கொச்சியிலிருந்து வடக்கே பேப்பூருக்குக் கிளம்புகிறானாம். கூட அவன் தங்கச்சி. நீ குறித்து வைத்த நாள்தானாம், பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள். அந்த மணி எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான்.

"பேனாவில உள்ளது அச்சடிச்ச புத்தகத்து நேரம், அம்மே. அது என் போன்லயே உண்டு. எனக்குப் பென்சில் வேணும். கடல் வாயில உட்கார்ந்து, தேங்காய் மட்டையைத் தண்ணியில போட்டு, அது நிக்கிற நேரத்தை அவன் கண்ணால பார்த்து எழுதினது."

"ரெண்டும் ஒண்ணு இல்லையா தம்பி?"

"இல்லல்லோ. கடல் ஏத்தம் அஞ்சு இருபதுக்கு முடிஞ்சுன்னு புத்தகம் சொல்லும். தண்ணி கேக்காது. பின்னேயும் உள்ளே வந்துகிட்டு இருக்கும். நின்னு திரும்பற நேரத்துக்குக் கயிறை அவுக்கணும்."

"முந்திட்டா?"

"உள்ளே வர்ற தண்ணி கல்லில சாத்தும்."

"பிந்திட்டா?"

"வெளியே பாயற தண்ணியும் அலையும் முட்டிக்கும். பாய் மட்டும்தான், மோட்டாரும் இல்லையே."

மோட்டார் வேண்டாம் என்றது நீதான். அழித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. தேடித் தருகிறேன் என்றேன்.

செவ்வாய்

தோட்டம். கவாத்து. "மதினி, கொடியை வெட்டச் சொன்னா விரலை வெட்டிராதீக" என்றாள் கூட வேலை பார்க்கும் பாண்டியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். விரலில் லேசாகத்தான் பட்டிருந்தது. வலி தெரியவில்லை.

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். "தலைமதகை இறக்கிட்டா நம்ம வாய்க்கால்ல தண்ணி உடனே நின்னுருமா?"

"எங்கன நிக்கும்? வந்த வேகம் வந்துதான தீரும். இப்ப எதுக்குடி அது?"

சும்மா என்றேன். ரசத்தில் உப்பு இல்லை. அவரும் அப்படியே குடித்தார்.

புதன்

வெயில். அழித்த பக்கத்தை ஜன்னலில் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மூன்றாவது படிக்கும்போது காசுக்கு மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பாய். ரூபாய் அப்படியே எழும்பி வரும். அது ஞாபகம் வந்தது. அடுத்த தாளில் அடுப்புக்கரியை லேசாகத் தேய்த்தேன். நீ அமுக்கி எழுதுகிறவன். வெள்ளை வெள்ளையாக எழுத்து வந்தது.

பௌர்ணமி கழிந்து ஒன்றாம் நாளின் மணி வந்தது. இரண்டு, மூன்று, நான்கு வந்தன. எல்லாவற்றிலும் பேனாவுக்குப் பிந்தித்தான் பென்சில். அப்பா சொன்ன மாதிரியே.

கீழே ஒரு வரி: 'பங்குனி வரை கரையோரம் கடல் வடக்கே நடக்கும். நமக்கு ஓசி.' கடலுக்கும் போகிற திசை உண்டென்று எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் மட்டும் வரவில்லை. ஆறு தெரிகிறது, புள்ளி தெரிகிறது, அப்புறம் ஒரு நேர்க்கோடு. பத்தா, நாற்பதா? அதன் மேலேதான் நான் துவரம் பருப்பு என்று எழுதியிருக்கிறேன். பருப்பு நன்றாக எழும்பி வந்திருக்கிறது.

வியாழன்

போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "நாந்தான் அழிச்சேன் தம்பி."

எழும்பி வந்த மணிகளை வாசித்தேன், ஐந்தாம் நாள் ஆறு பத்தா நாற்பதா தெரியவில்லை என்றும் சொன்னேன். அவன், "மற்ற நாள் எல்லாம் கிட்டியதல்லே? போதும். நடுவில, ஆறு இருபத்தஞ்சுன்னு வச்சுக்கலாம்."

"வச்சுக்கவெல்லாம் வேணாம். நீயும் மட்டையைப் போட்டுப் பாரு. அது நிக்கிறதுக்கு முன்னாடி கயித்தை அவுத்தீன்னா உங்க அம்மா மூஞ்சியில நான் முழிக்க முடியாது."

"இருட்டில மட்டைக்கு எங்கே போவேன் அம்மே?"

"ஏலே, கேரளாவுல இருந்துக்கிட்டு தேங்கா மட்டைக்கு எங்கன போவேங்கிற?"

சிரித்தான். நான் சிரித்தேனா, தெரியவில்லை.

வெள்ளி

சாரல் இல்லை. நாலு மணிக்கு முழிப்பு. அடுப்புப் பற்றவைக்கவில்லை. அப்பாவும் எழுந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தார். 

ஐந்து இருபது. ஒன்றுமில்லை.

ஆறு பத்து. ஒன்றுமில்லை.

ஆறு இருபத்தைந்துக்கு அடித்தது. ஜோஜியின் தங்கச்சி. "அம்மே, மட்டை இன்னும் உள்ளேதான் போகுது. சேட்டன் கயிறு அவுக்கலை, உங்ககிட்ட சொல்லச் சொன்னான்."

அப்புறம் ஆறு ஐம்பத்திரண்டு. "மட்டை நின்னாச்சு! போறோம்!" காற்றுச் சத்தம். கட்டாகிவிட்டது.

பத்தே காலுக்கு ஜோஜி. கரை தூரத்தில் தெரிகிறதாம். கடல் வடக்கே இழுக்கிறதாம், நீ எழுதிய மாதிரி. அப்பா போனை வாங்கி, "சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டார்.

பென்சில் எடுத்து, அழித்த இடத்தில், துவரம் பருப்புக்குப் பக்கத்தில், ஆறு ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். பத்தும் இல்லை, நாற்பதும் இல்லை. இது ஜோஜி போட்ட மட்டை. நீ போட்டது எத்தனை மணிக்கு நின்றது, பூச்சி?